உறிஞ்சுகிற கதவு

பர்வீனுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடத் தன் அறைக் கதவைச் சாத்தியதில்லை. கதவு என்று ஒன்று இருந்தால்தானே சாத்துவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு சின்ன வீடு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டின் அளவைவிட ஆட்கள் அதிகம். மகன் இம்ரானுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாமனார் நைனா முகமது கூடத்தின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்து ஓர் அறை உண்டாக்கினார். நிலையும் வைத்தாயிற்று. கதவுக்கு அளவெடுத்துக்கொண்டு போன ஆள்தான் கல்யாணத்துக்கு முதல் நாள்வரை எட்டிப் பார்க்கவில்லை. "இப்போதைக்கு ஒரு திரையத் தொங்க விடுங்க. அடுத்த மாசம் கதவு போட்ரலாம்" என்றார் மாமனார். அரக்கு நிறத்தில் ஒரு திரை தொங்கியது. அந்த அடுத்த மாசம் கடைசிவரை வரவில்லை. மாமனார் மவுத்தாகி ஏழு வருஷம் ஆகிவிட்டது. திரைக்குத்தான் ஆயுசு கெட்டி.

திரையில் என்ன குறைச்சல் என்று கேட்கிறவர்கள் அதற்குப் பின்னால் ஒரு மாசம் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். காற்று வந்தால் திரை தூக்கும். பூனை வந்தால் திரை ஒதுங்கும். மாமியார் அப்ரோஸ் பேகம் வந்தாலோ திரை என்று ஒன்று இருந்ததாகவே தெரியாது. மாமி தங்கமான மனுஷி, அதில் பர்வீனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெருங்காய டப்பாவைக் காணோம் என்றால் தேடுகிற வேகத்தில் நேரே கட்டில்வரை வந்துவிடுவார். பர்வீன் சேலை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி, இம்ரான் ஆசையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, மாமிக்குப் பெருங்காயம் வேண்டும். இந்த லட்சணத்தில் மகள் ஷிஃபா எப்படிப் பிறந்தாள் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அவளுக்கே இப்போது ஒன்பது வயதாகிவிட்டது.

அதனால் ராஜபாளையத்தில், இம்ரான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே மூன்றரை சென்ட் இடம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் ஹால் எத்தனை அடி, மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்று விசாரித்துக்கொண்டிருக்க, பர்வீனின் கனவில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கதவு. அதுவும் வெள்ளைக் கதவு.

வெள்ளை எப்படி வந்தது என்றால், பர்வீன் தளவாய்புரத்து நைட்டிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறவள். வெட்டிய துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தைத்ததை வாங்கிப் போகும் பாண்டீஸ்வரி, வ. புதுப்பட்டியில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாள். பர்வீனும் போயிருந்தாள். அங்கே படுக்கையறைக்கு வெள்ளை வெளேரென்று ஒரு கதவு இருந்தது. சும்மா ஒரு தள்ளு தள்ளினாள். கதவு போய் நிலையில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், வெளியே கேட்ட மைக்செட், பேச்சு, பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் பாதியாகக் குறைந்து போயின. பர்வீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏழு தடவை திறந்து திறந்து சாத்தினாள். சாப்பிடக் கூப்பிட வந்த பாண்டீஸ்வரி, "ஏட்டி, கீல் கழண்டுறப் போவுது, வந்து சாப்பிடு" என்றாள்.

அன்றைக்கே இம்ரானிடம் சொல்லிவிட்டாள். "உள்ள போடுற கதவு நாலும் வெள்ளைதான்."

அவன் முகம் சுருங்கியது. "வெள்ளையா? நாள் பூரா வெள்ளையப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போவுதுட்டி. வீட்லயுமா?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் இம்ரானுக்குச் செக்கிங் வேலை. வெளுத்து வருகிற துணியைப் பார்த்து, இது ஏற்றுமதிக்கு ஆகும், இது ஆகாது என்று பிரிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஊரில் மற்றவர்களுக்கு வெள்ளை என்றால் ஒரே ஒரு நிறம். இம்ரானுக்கு அதில் மஞ்சள் ஏறினது உண்டு, நீலம் தூக்கினது உண்டு, சுண்ணாம்பு உண்டு, பால் உண்டு, பால் திரிந்ததும் உண்டு. பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பவரின் சட்டை எத்தனை சலவை கண்டது என்று பின்வரிசையில் நின்றே சொல்லிவிடுவான். மனசுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது. தொழுகை முடிந்ததும் அவரிடமே சொல்லிவிடுவான்.

"நீலம் போட்ரலாம், கண்ணுக்குக் குளுமையா இருக்கும்" என்றான்.

"வெள்ளை."

"லேசாப் பழுப்பா?"

"வெள்ளை, மச்சான்."

இரண்டு நாள் கழித்து இறங்கி வந்தான். "சரி. ஆனா வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும். கண்ட வெள்ளையையும் நம்ம வீட்ல மாட்ட முடியாது." பர்வீன் சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டாள். அந்த ஒரு பேச்சில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ராஜபாளையத்தில் மூன்று கடை ஏறி இறங்கினார்கள். கடைக்காரர் கதவைக் காட்டியதும் இம்ரான் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த பேண்டேஜ் துணித் துண்டு ஒன்றை எடுப்பான். எது வெள்ளை என்பதற்குக் கம்பெனியில் அளவாக வைத்திருக்கும் துணி அது. அதைக் கதவின் மேல் வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். முதல் கடையின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. இரண்டாவது கடையின் வெள்ளையை "இது செத்த வெள்ளை" என்று ஒரே வார்த்தையில் தள்ளினான். மூன்றாவது கடைக்காரர் பால்பாண்டி பொறுமைசாலி. கதவை வெயிலில் காட்டினார், நிழலில் காட்டினார், டியூப் லைட்டுக்குக் கீழே தூக்கிக்கொண்டு வந்தும் காட்டினார். இம்ரான் யோசித்தான். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்து, கதவின் மேல் ஒரு சொட்டு வைத்தான். சொட்டு உருண்டு ஓடித் தரையில் விழுந்தது.

"தண்ணி ஒட்டவே ஒட்டாது சார். வாட்டர் ப்ரூஃப்" என்றார் பால்பாண்டி பெருமையாக.

"அதான் பாத்தேன். உறிஞ்ச மாட்டேங்குதே" என்றான் இம்ரான், கவலையாக.

பால்பாண்டி பர்வீனைப் பார்த்தார். பர்வீன் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள்.

எல்லாம் பழக்க தோஷம். பேண்டேஜ் துணி வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது, நன்றாக உறிஞ்சவும் வேண்டும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் முங்கிவிட வேண்டும். மிதந்தால் மொத்த லோடும் திரும்பிப் போகும். அந்தப் பத்து விநாடியை நாளுக்கு நூறு தடவை எண்ணுகிற மனுஷனுக்கு, எந்த வெள்ளையைப் பார்த்தாலும் கை தண்ணீரைத் தேடும். காலையில் இட்லியைச் சாம்பாரில் போட்டுவிட்டுக்கூட அவன் உதட்டுக்குள் எண்ணுவதைப் பர்வீன் பார்த்திருக்கிறாள்.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. புது வீட்டில் வாசல் கதவு மாட்டியாயிற்று. தரை போட்டாயிற்று. சுவருக்கு வர்ணம் அடித்தாயிற்று. உள்ளே நான்கு நிலைகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இதற்கிடையில் மாமி, வருகிற ஞாயிற்றுக்கிழமை குடிபோவது என்று நாள் குறித்து, சொந்தபந்தம் அறுபது பேருக்குப் போனிலேயே சொல்லியும் முடித்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் பர்வீன் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மாமி வந்து எதிரில் நின்றார். கையில் துவைத்து, தேய்த்து, அழகாக மடித்த அரக்குத் திரை இருந்தது.

"கதவு இன்னும் தெகையலையாம்ல, இம்ரான் சொன்னான். அதுக்கென்ன, வாரவரைக்கும் இதத் தொங்க விடுங்க. அந்தக் காலத்துத் துணி. இன்னும் பத்து வருசம் வரும்" என்றார்.

பர்வீனின் கால் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தது. அவளுக்கு இம்ரானையும் தெரியும், அந்தத் திரையையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அது மட்டும் ஏறிவிட்டால், திங்கட்கிழமை கதவுப் பேச்சு எடுபடாது. 'அதான் தெர இருக்கே, நல்ல வெள்ளையாக் கெடைக்கட்டும்' என்பான். அவன் கேட்கிற வெள்ளை இந்த மண்ணில் கிடைக்கப் போவதில்லை. மாமியும் அவர்களோடுதான் புது வீட்டுக்கு வருகிறார். பர்வீனுக்கு நாற்பத்தைந்து வயதாகும், ஐம்பதாகும், பெருங்காய டப்பா ராஜபாளையத்திலும் காணாமல் போகும். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நைட்டிக்குக் கழுத்துப் பட்டி வைக்க வேண்டிய இடத்தில் பையை வைத்துத் தைத்துவிட்டாள்.

மத்தியானம் அவன் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போன் போட்டாள்.

"மச்சான், ஞாயித்துக்கெழமைக்குள்ள கதவு மாட்டலைன்னா நான் அந்த வீட்டுக்கு வரல. நீங்களும் மாமியும் பாலக் காய்ச்சிக் குடிங்க."

"ஏட்டி, அறுபது பேருக்குச் சொல்லியாச்சுட்டி."

"அறுபது பேரும் குடிக்கட்டும்."

போனை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி வரமாட்டேன் என்று மிரட்டியதில்லை. ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் இம்ரான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ராஜபாளையம் ரோட்டில் ஹெப்சிபா என்று ஒரு பெண் கதவுக் கடை வைத்திருக்கிறாள். முன்னால் கடை, பின்னால் பட்டறை. இரண்டு பேரும் அங்கே போனார்கள். முப்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, கையெல்லாம் மரத்தூளோடு வந்தாள். வெள்ளை என்றதும் ஓர் அட்டையை எடுத்துப் போட்டாள். அதில் பதினான்கு வெள்ளைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பர்வீனுக்குப் பதினான்கும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பதினான்கும் அழகாகவும் இருந்தன. எதையாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

இம்ரான் துணித் துண்டை எடுத்தான். கால் மணி நேரத்தில் பதின்மூன்று வெள்ளைகள் தீர்ந்து போயின. பதினான்காவதில் கொஞ்ச நேரம் நின்றான். பர்வீன் மனசுக்குள் தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள்.

"நீலம் தூக்குது" என்றான்.

ஹெப்சிபா அட்டையை மடக்கினாள். "அண்ணே என்ன வேலை பாக்குறீங்க?"

"பேண்டேஜ் துணி செக்கிங்."

"அப்பிடிச் சொல்லுங்க" என்றாள் ஹெப்சிபா.

இம்ரான் கை கழுவப் பட்டறைப் பக்கம் போனான். பர்வீன் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு வியாழன். நாளை வெள்ளி. மாமி திரைக்குக் கம்பிகூட வாங்கி வைத்திருப்பார். அப்போதுதான் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

"ஏ பர்வீன், இங்க வா. சீக்கிரம் வா."

ஓடினாள். பட்டறைச் சுவரில் நான்கு கதவுகள் சாய்ந்து நின்றன. மினுமினுப்பே இல்லாத, பொடி பூசினதுபோன்ற வெள்ளை. இம்ரான் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஷிஃபாவை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதுதான் அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். துணித் துண்டைக் கதவின் மேல் வைத்திருந்தான். துணி எது, கதவு எது என்று தெரியவில்லை.

"பாரு" என்று ஈர விரலால் ஒரு சொட்டு வைத்தான். சொட்டு நின்றது. ஓடவில்லை. ஓரம் சுருங்கியது. மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் காணாமல் போயிற்று. இம்ரானின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"எட்டு செகண்டு" என்றான். "முங்கிருச்சு."

பின்னாலேயே வந்த ஹெப்சிபா தலையில் கை வைக்காத குறை. "அண்ணே, அது வெறும் ப்ரைமர். பெயிண்டுக்கு முன்னால அடிக்கிற அடிப்பூச்சு. அதுக்கு மேலதான் பெயிண்டே அடிக்கணும்."

"இதுக்கு மேல எதுக்குப் பெயிண்டு? இதான் வெள்ள."

"தொட்டா அழுக்கு ஒட்டும்ணே. ஒட்டுனா உள்ள எறங்கிரும். பொறவு போவாது."

"எறங்கணும்ல. அதான தரம்" என்றான் இம்ரான், தொழில் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். அதற்குள் பர்வீன் அவள் முழங்கையைப் பிடித்து மர அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"பெயிண்ட் அடிச்சுத் தர எத்தன நாளாவும்?"

"ரெண்டு கோட்டு அடிச்சு நல்லாக் காயணும்க்கா. அடுத்த வியாழக்கெழமைக்குத் தரலாம்."

"இப்பிடியே எடுத்தா?"

"இப்பிடியேன்னா நாளைக்கே வண்டில ஏத்திருவேன். இது கடைல சும்மா கெடக்குற சரக்குதான். ஆனா அக்கா, ரெண்டு நாள் தாங்காது. வீட்ல நாலு பேர் தொட்டா அம்புட்டுக் கையும் அதுல தெரியும்."

"மாட்டுன பொறவு பெயிண்ட் அடிக்கலாமா?"

"தேச்சுட்டு அடிக்கலாம். வேலை கூடுதல். எதுக்குக்கா இம்புட்டு அவசரம்?"

பர்வீன் ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். தோன்றவில்லை. "எங்க ரூமுக்குக் கதவு கெடையாது" என்றாள். "பதினோரு வருசமா."

ஹெப்சிபா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "உங்க ரூமுக்கு மட்டும் நல்ல தாப்பாளாப் போட்டுத் தாரேன்க்கா" என்றாள். "கெட்டியான தாப்பாள்."

பர்வீன் திரும்பிப் போய்ப் புருஷனுக்குப் பக்கத்தில் குந்தினாள். கதவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "நீங்க சொல்றதுதான் சரி மச்சான். இதான் வெள்ள" என்றாள்.

இம்ரான் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். அவன் சொன்னதை அவள் முதல் தடவையிலேயே ஒத்துக்கொண்டது அதுவரை நடந்ததில்லை. ஆனாலும் சந்தோஷத்தின் முன்னால் சந்தேகம் நிற்கவில்லை. ஆசாரி ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டு வர அங்கிருந்தே பைக்கில் ராஜபாளையம் கிளம்பினார்கள். வழி முழுவதும் பர்வீனுக்குச் சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கியது. அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"என்னட்டி சிரிப்பு?"

"வெள்ளைய நெனச்சேன் மச்சான்."

"பாத்தியா" என்றான் அவன். "நல்ல வெள்ளையப் பாத்தா அப்பிடித்தான் இருக்கும். எனக்கே சிரிப்பாணி வருது." இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர் இவர்களைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

சனிக்கிழமை ஆவுடையப்பன் கதவு மாட்ட வந்தார். வேலை அரைநாளில் முடிந்திருக்கும். இம்ரான் விட்டால்தானே. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னான். கழுவினார். அரை மணி நேரத்தில் மறுபடி கழுவச் சொன்னான். மூன்றாவது தடவை அவர், "தம்பி, நான் என்ன ஆப்பரேசனா பண்ணப் போறேன்?" என்று கேட்டார். அது நல்ல யோசனையாகப் பட்டது இம்ரானுக்கு. கம்பெனியிலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் கொண்டுவந்து, ஆவுடையப்பனின் பத்து விரலிலும் சுற்றிவிட்டான். அந்தக் கையோடு உளி பிடித்து, திருப்புளி பிடித்து, நான்கு கதவையும் அவர் மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வாசலில் நின்று பீடி பற்ற வைத்தவரிடம் தெருவில் போனவர்கள் எல்லாம் எங்கே விபத்து, எப்போது நடந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பால் பொங்கியது. ஹஜ்ரத் வந்து ஓதி, துஆ கேட்டுவிட்டுப் போனார். பத்து மணிக்கு ஜனம் வரத் தொடங்கியது. வந்தவர்கள் வாசல் கதவைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், பிறகு அந்த நான்கு கதவையும் பார்த்து நின்றுவிட்டார்கள். அப்படியொரு வெள்ளை. ஆஸ்பத்திரி போல இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். இல்லை, ஐஸ் பெட்டி போல இருக்கிறது என்றார் இன்னொருத்தர். சொல்லிவிட்டு எல்லாரும் ஒரு காரியம் செய்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள்.

பதினொரு மணிக்கு முதல் கை பதிந்தது. மருதாணி காயாத கை. அதற்குப் பிறகு எண்ணிக்கை இல்லை. பிள்ளைகள் கதவைப் பிடித்து ஊஞ்சலாடினார்கள். பன்னிரண்டரைக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் பரிமாறினார்கள். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகிறவர்களுக்கு வழியில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், கதவு வாகாக இருந்தது. எண்ணெய்க் கை, நெய்க் கை, மஞ்சள் கை, கத்திரிக்காய் அப்பின கை. இம்ரான் ஈரத்துணியை வைத்துக்கொண்டு கதவுக்குக் கதவு ஓடினான். தேய்க்கத் தேய்க்கக் கறை பரவிக்கொண்டு உள்ளே போயிற்று. தாளிச்சாவுக்கு எட்டு விநாடிகூட ஆகவில்லை. இரண்டு மணிக்குள் அந்தக் கதவுகளில் மொத்த வம்சத்தின் கையும் இருந்தது.

பர்வீன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சோறு பரிமாறினாள், தண்ணீர் ஊற்றினாள், நடுநடுவே சும்மா போய் ஒரு கதவைச் சாத்தித் திறந்துவிட்டு வந்தாள். கறை கூடக்கூட அவளுக்கு உற்சாகமும் கூடியது. யார் என்ன அப்பினாலும் அது கதவு. ஒதுங்காது, தூக்காது, காற்றுக்கு ஆடாது.

மூன்று மணிக்குச் சேலை மாற்றலாம் என்று தன் அறைக்குள் போனாள். இம்ரான் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த துணி பலகாரக் கடைத் துணி போல ஆகியிருந்தது. பர்வீன் கதவைச் சாத்தினாள். ஹெப்சிபா போட்டுக்கொடுத்த தாழ்ப்பாளைத் தள்ளினாள். கெட்டியாக, வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

"உறிஞ்சிருச்சுட்டி" என்றான் அவன்.

"அதான மச்சான் தரம்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் துணியைப் பார்த்த கண், எதையும் தவறவிடாது. "இப்பிடி ஆவும்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் தலையாட்டுன."

"ஆமா. இன்னைக்குள்ள எனக்குக் கதவு வேண்டியிருந்துச்சு. பச்சையா இருந்தாலும் சரி, செவப்பா இருந்தாலும் சரி. அடுத்த வாரம் பெயிண்ட் அடிக்க ஹெப்சிபா ஆள் அனுப்பும். நீங்க எந்த வெள்ளை வேணாலும் சொல்லிக்கோங்க. கதவு நெலையில இருக்கும்போதே சொல்லுங்க."

இம்ரானுக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று, கையை நீட்டி நீட்டி, என்னை அறுபது பேர் முன்னால் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டாயே என்று ஆரம்பித்தான். பெரிய சண்டை. ஆனால் பர்வீன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், எதுக்குக் குசுகுசுன்னு பேசுறீங்க?"

அவன் நிறுத்தினான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அவன் குரலே இல்லாமல் வெறும் காற்றில் பேசிக்கொண்டிருந்தான். அவளும் அப்படித்தான் கேட்டாள். இத்தனை வருஷமாக அவர்கள் கொஞ்சினதும் குசுகுசுதான், கணக்குப் பார்த்ததும் குசுகுசுதான், சண்டை போட்டதும் குசுகுசுதான். வேறு மாதிரி இரண்டு பேருக்கும் தெரியாது.

"சத்தமாத் திட்டுங்க" என்றாள்.

இம்ரான் தொண்டையைச் செருமினான். "ஏட்டி" என்றான். அது இவ்வளவு பெரிதாக வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தான். கதவு அசையவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. அதற்கு மேல் திட்ட முடியவில்லை. பர்வீனுக்குத்தான் முதலில் பீறிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், பிறகு எதற்கு அடைக்க வேண்டும் என்று எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் கதவோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊரே கூடியிருக்கும் வீட்டில், பட்டப்பகலில்.

கதவில் இரண்டு தட்டு விழுந்தது. மெதுவாக, பழக்கமில்லாத விரல் தட்டுவதுபோல.

"பர்வீன்" என்றது மாமியின் குரல். "உள்ள வரலாமா?"

இம்ரான் பதறிப்போய் அவள் கையை விட்டுவிட்டுத் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினான். பர்வீன் அந்தக் கையை எட்டிப் பிடித்து மறுபடி தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாமியிடம் அவள் சொல்லாத வார்த்தை ஒன்று இருந்தது. சொல்ல இதுவரை இடமே இருந்ததில்லை. சொல்லிப் பார்க்கப் பயமாகவும் ஆசையாகவும் இருந்தது.

"செத்த நேரம் பொறுங்க மாமி" என்றாள், சத்தமாக.

கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மாமியின் இரண்டு பாதங்களும் தெரிந்தன. ஒரு பாதம் முன்னால் வந்தது, பிறகு பின்னால் போயிற்று.

"சரிம்மா, மெதுவா வா" என்றார் மாமி.

பர்வீனுக்குச் சிரிப்பு நின்று கண் நிறைந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மாமி காத்துக்கொண்டு நின்றார்.